எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லுங்கள்

பெருந்தொற்றுக் காலத்துக்கான பொதுச் சுகாதார வழிகாட்டுதல்களை எழுதுவோருக்கும் அவற்றுக்கு ஒப்புதல் தருவோருக்கும்,

"அடிக்கடி கைகளைக் கழுவுங்கள்." கொரோனா காலத்தில் நீங்கள் சலிக்காமல் அச்சிட்ட வாக்கியம் இது. அடிக்கடி என்றால் எத்தனை தடவை? எதைத் தொட்ட பிறகு? எவ்வளவு நேரம்? எப்போது கழுவ வேண்டியதே இல்லை? சுவரொட்டியில் பதில் இல்லை. பயமில்லாதவர் அதைப் படித்துவிட்டு ஐந்து வினாடி தண்ணீரில் கையைக் காட்டிவிட்டுப் போனார். பயந்தவர் தோல் வெடிக்கும் வரை தேய்த்தார். இருவருக்கும் அந்த வாக்கியத்தால் பயனில்லை.

2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த தொற்றுக்கான தயார்நிலைத் திட்டங்களைத் தூசி தட்டி எடுத்துத் திருத்த வேண்டிய நேரம் இதுதான். திருத்தும்போது பழைய அமைப்பே திரும்பி வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறோம். தொற்றுத் தடுப்புக்கு அத்தியாயம் அத்தியாயமாக விளக்கம், மனநலத்துக்குக் கடைசியில் ஒரு பின்னிணைப்பு. அதிலும் "நேர்மறையாகச் சிந்தியுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்ற இரண்டு வரிகள். தொற்றுத் தடுப்பிலும் மனநலத்திலும் பணிபுரியும் நாங்கள் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. மனநலக் கேடு பின்னிணைப்பில் பிறப்பதில்லை. முதல் அத்தியாயத்தில், அளவு சொல்லாமல் விட்ட அறிவுரையில் பிறக்கிறது.

கைகழுவுதலையே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் கையை நனைப்பதிலிருந்து துடைப்பது வரை மொத்தம் 40 முதல் 60 வினாடி. ஆல்கஹால் சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி. உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவு இது. சானிடைசரை உள்ளங்கைக் குழி நிறைய எடுக்க வேண்டும். பத்து வினாடிக்குள் காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை என்று பொருள். பெரும்பாலோருக்குக் கட்டைவிரலும் விரல் நுனியும் விட்டுப்போகும், உள்ளங்கை மட்டும் இரண்டு முறை சுத்தமாகும். ஈரக் கையில் சானிடைசர் ஊற்றினால் ஆல்கஹால் நீர்த்துப்போகும். சோப்புப் போட்ட கையோடு சானிடைசரும் போடுவது இரட்டைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடுகிறது. கொதிக்கும் தண்ணீரும் அப்படியே. கிருமி போவது தேய்ப்பதாலும் சோப்பாலும்தான், கை தாங்கும் சூட்டினால் அல்ல. கையில் அழுக்கோ பிசுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சானிடைசர் உதவாது, சோப்புதான். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரசுக்கும் சோப்புதான்.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சானிடைசர் கலவை ஒன்றில் எத்தனால் 80 சதவீதம், ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம், கிளிசரால் 1.45 சதவீதம். அந்தக் கிளிசரால் எந்தக் கிருமியையும் கொல்வதற்காகச் சேர்த்ததல்ல. தோல் வறண்டு எரிந்தால் ஆள் கையைச் சுத்தம் செய்வதையே விட்டுவிடுவார் என்று தெரிந்தவர்கள் சேர்த்தது. ஒரு புட்டி மருந்துக் கலவையில் மனிதரை நினைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது. ஒரு சுவரொட்டியில் முடியவில்லை.

தோல் வெடித்த கை, சுத்தமான கை ஆகாது. சோப்பு தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டே போனால் வெடிப்பு விழும். வெடிப்பில் கிருமி எளிதில் தங்கும். பிறகு ஒவ்வொரு கழுவலும் சுடும். ஆகவே கழுவியபின் ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுவது அழகுக் குறிப்பு அல்ல, தொற்றுத் தடுப்பின் கடைசிப் படி. உங்கள் கைகழுவும் படவிளக்கங்களில் அந்தப் படி எத்தனையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மனதில் நடப்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கழுவினால் பதற்றம் இறங்குகிறது. அந்த இறக்கமே மூளைக்குக் கூலி. கூலி கிடைத்த வேலையை மூளை மறுபடி செய்யச் சொல்லும். அடுத்த முறை பதற்றம் சீக்கிரம் வரும், நிம்மதி குறைந்த நேரமே தங்கும். இதற்குள் நிறுத்தும் அடையாளம் மாறிவிடும். "நாற்பது வினாடி ஆயிற்று" என்பது போய், "சுத்தமாகிவிட்டது என்று தோன்ற வேண்டும்" என்று வந்துவிடும். அந்தத் தோன்றல் ஒருநாளும் முழுதாக வராது. எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடி வேர்பிடிப்பது இங்கேதான். இப்படிப்பட்ட எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, வேலையையும் உறவையும் குலைத்தாலோ அது நோய் என்பது மருத்துவ அளவுகோல். பயப்படுவதைத் தொடவைத்து, கழுவும் உந்துதலைத் தள்ளிப்போட வைக்கும் பயிற்சிதான் இதற்கான முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று.

பெருந்தொற்று வந்ததும் இந்தச் சிகிச்சை ஒரு முட்டுச்சந்தில் நின்றது. ஆலோசகர் "கழுவாமல் இருந்து பாருங்கள்" என்கிறார், அரசு "கழுவுங்கள்" என்கிறது. துறைக்குள் கண்ட வழி எளிமையானது: பொதுச் சுகாதார வழிகாட்டுதலையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள், ஒரு வினாடிகூட மேலேயும் போகாதீர்கள். நல்ல வழிதான். ஆனால் கோடு உங்கள் கையில் இருந்தது, நீங்கள் அதைக் கிழிக்கவில்லை. "முடிந்தவரை அடிக்கடி" என்பதை வைத்து யாரால் எதை அளக்க முடியும்?

எழுதியிருக்க வேண்டியது சில வரிகள்தான். வெளியே போய் வீடு நுழைந்ததும், சமைக்கும் முன், சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், மூக்குச் சிந்திய பின், நோயாளிக்கு உதவும் முன்னும் பின்னும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. இடையில் வீட்டுக்குள் சும்மா இருக்கும் நேரத்தில் வேண்டியதில்லை. ஒரு முறை கழுவியபின் சந்தேகம் வந்தால் மறுபடி கழுவ வேண்டாம், சந்தேகம் தானாக இறங்கும். இந்தக் கடைசி வரியை எழுத ஒரு தொற்றியல் நிபுணருக்குத் தோன்றாது. மனநலப் பணியாளர் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் தோன்றியிருக்கும்.

"முகத்தைத் தொடாதீர்கள்" என்பது இன்னொன்று. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவ மாணவர்கள் 26 பேரைக் கவனித்தபோது, அவர்கள் சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டார்கள். விழிப்போடு செய்யும் செயலே அல்ல அது. கடைப்பிடிக்கவே முடியாத ஒரு விதியைக் கொடுத்தால் கிடைப்பது இரண்டில் ஒன்று: குற்ற உணர்வு, அல்லது "இவர்கள் சொல்வதில் எதுவும் நடக்காது" என்ற அலட்சியம். கண், மூக்கு, வாய் பக்கம் கையைக் கொண்டுபோகும் முன் கழுவுங்கள், அரிப்பெடுத்தால் தாள் கைக்குட்டையால் தொடுங்கள் என்று சொல்லியிருந்தால் மனிதரால் முடியும்.

அடுத்து, பரப்புகளைத் துடைத்த கதை. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருந்தது என்ற ஆய்வகக் கணக்கு 2020 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆய்வு அந்த நேரத்துக்குள் வைரசின் அளவு பெரிதும் விழுந்துவிட்டதையும் காட்டியது. செய்தியில் நின்றது 72 என்ற எண் மட்டும். வாங்கிவந்த பொட்டலங்கள் எல்லாம் வாசலில் குளித்தன. 2020 மே மாதம் அமெரிக்காவில் 502 பேரிடம் நடந்த கருத்தாய்வில் 39 சதவீதம் பேர், உணவுப் பொருளைப் பிளீச்சில் கழுவுவது, துப்புரவுக் கிருமிநாசினியைத் தோலில் தடவுவது, அதன் ஆவியை வேண்டுமென்றே முகர்வது போன்றவற்றில் ஒன்றையாவது செய்ததாகச் சொன்னார்கள். அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களிலேயே துப்புரவுப் பொருள், கிருமிநாசினி தொடர்பாக அந்நாட்டு நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 20 சதவீதம் கூடியிருந்தன. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது. துடைக்கச் சொன்னபோது முரசு அறைந்தவர்கள், குறைத்துக்கொள்ளலாம் என்றபோது முணுமுணுத்தார்கள். பல வீடுகளில் அந்த முணுமுணுப்பு கேட்கவே இல்லை.

பிளீச் தேவைப்படும் இடமும் உண்டு. நோயாளி இருக்கும் அறையின் கழிப்பறை, கதவுப் பிடி, கைப்பிடிக் கம்பி. அங்கே அளவைச் சொல்லுங்கள். புட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று இருந்தால் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். கரைசலைப் பூசியபின் ஒரு நிமிடமாவது ஈரமாகவே விட வேண்டும். பூசிய வேகத்தில் துடைத்தெடுப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும், சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். அமிலம் கலந்த கழிப்பறைத் துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியாவோடு சேர்த்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலைச் சுடும். பயந்தவர்தான் இரண்டு புட்டியையும் ஒன்றாக ஊற்றுகிறார். "கலக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை புட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, "கொல்லும்" என்ற சொல் முன்புறத்தில்.

மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளித்ததைப் பற்றி ஒரே வரி: எந்தச் சூழலிலும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே எழுதிவிட்டது, உடலுக்குக் கேடு, மனதுக்கும் கேடு என்று காரணமும் சொல்லிவிட்டது.

எல்லோரும் கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொற்று காற்றில் போய்க்கொண்டிருந்தது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இது காற்றுவழி பரவுவதல்ல என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று கூட்டாக ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். நிறுவனத்தின் பொதுத் தகவல் பக்கம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2021இல். இந்தத் தாமதத்தை அறிவியல் விவாதமாக மட்டும் பார்க்காதீர்கள். சொன்னதையெல்லாம் செய்தும் வீட்டில் நாலு பேருக்கும் தொற்று வந்தபோது, ஒருவர் "நான் சரியாகத் துடைக்கவில்லை" என்று தன்னைக் குற்றவாளியாக்கினார். இன்னொருவர் "எதைச் செய்தாலும் வரத்தான் வரும்" என்று முகக்கவசத்தையும் கழற்றிவிட்டார். தவறான இடத்தில் உழைக்கச் சொன்னால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

காற்றுக்கும் எண் உண்டு, அது மனதுக்கு ஆறுதலும் தரும். வீடல்லாத கட்டடங்களில் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த அளவு. மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று மாறவேண்டும் என்பது அமெரிக்க மையம் 2023 மே மாதம் வைத்த இலக்கு. நாலு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். ஐந்து மாற்றம் என்றால் மணிக்கு 300 கன மீட்டர் சுத்தக் காற்று. எதிரெதிர்ச் சன்னல்கள், ஒன்றில் காற்றை வெளியே தள்ளும்படி திருப்பிவைத்த மின்விசிறி, போதாததற்கு ஒரு வடிகட்டிக் கருவி. கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற ஒரே எண். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி இருக்கிற காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கும், புதுக்காற்று கொண்டுவராது. இதை எத்தனை அலுவலகங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? ஆட்கள் விடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்பதைக் கார்பன் டை ஆக்சைடு அளவு காட்டிக்கொடுக்கும். அதற்கான அளவி ஒன்றை மேசையில் வைத்தால் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 800) கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வெளிக்காற்றில் அது சுமார் 420.

மணிக்கு ஐந்து முறை காற்று மாறும் அறையில், நோயாளி வெளியேறியபின் காற்றிலுள்ள துகள்களில் 99 சதவீதம் நீங்க ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரம் பொறுத்து உள்ளே போகலாம் என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். பல நாள் பூட்டிவைத்த அறையைக் கண்டு நடுங்கியவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லை. ஜப்பான் 2020 மார்ச்சிலேயே மூடிய இடம், நெரிசலான இடம், நெருங்கிய பேச்சு ஆகிய மூன்றையும் தவிருங்கள் என்று சுருக்கிச் சொன்னது. எங்கே பயப்பட வேண்டும் என்று சொன்ன அதே வாக்கியம், எங்கே பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டது. திறந்த வெளியில் தனியாக நடப்பவருக்கு அதில் பயம் இல்லை.

முகக்கவசம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். என்95 வகை 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது வடிகட்டியின் திறன்தான், முகத்தில் படியாத கவசத்தின் திறன் ஆகாது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, இரண்டு கையாலும் கவசத்தை மூடி, வேகமாக மூச்சுவிட்டுப் பார்த்தால் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று தெரிந்துவிடும். கண்ணில் காற்று அடித்தால் மூக்குப் பக்கம் இடைவெளி. தாடி இருந்தால் படியாது. வால்வு வைத்தது வெளிவிடும் மூச்சை வடிகட்டாது. ஒவ்வொரு தடவை அணியும்போதும் ஒருமுறை சரிபார்த்தால் போதும். நாளெல்லாம் கையால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வது பதற்றம்தான், பாதுகாப்பு அல்ல.

வீட்டுத் தனிமையில் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொடுத்தீர்கள், நல்லது. எப்படிப் பார்ப்பது, எத்தனை முறை பார்ப்பது என்று எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின், கை சூடாக இருக்கும்போது, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, அசைக்காமல், எண் நிலைத்து நிற்கும் வரை சுமார் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். காலை, மதியம், இரவு என மூன்று முறை. மூச்சு முட்டினால் கூடுதலாக ஒரு முறை. எழுதிவைக்க ஒரு தாள். 90 முதல் 94 என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும், 90க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும், ஆகவே ஒரு தனி எண்ணைவிட நாளுக்கு நாள் அது இறங்குகிறதா என்பதே முக்கியம். இவை இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்ததால், குளிர்ந்த விரலில் 91 என்று ஒரு கணம் மின்னியதைப் பார்த்துப் பதறி, பதற்றத்தில் மூச்சு வேகமாகி, விரல்கள் மரத்து, அது தொற்றின் தீவிரம் என்று நம்பி நடுராத்திரியில் மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். பதற்றத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். இறங்காத மூச்சுத்திணறலும் நெஞ்சு அழுத்தமும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. கருவியின் உறையில் இந்த இரண்டு வாக்கியங்களை அச்சிட அதிகம் செலவாகாது.

தனிமைப்படுத்தல் பற்றி 24 ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பு 2020 தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. ஆட்களை உடைப்பவை எவை என்று அது வரிசையாகச் சொன்னது: நாட்கள் நீள்வது, தொற்றுப் பயம், சலிப்பு, பொருட்கள் போதாமை, தகவல் போதாமை, வருமான இழப்பு, பழிச்சொல். இவற்றில் தகவலும் பொருளும் நாட்களின் எண்ணிக்கையும் முழுக்க உங்கள் கையில் இருப்பவை. பத்து நாள் என்று தொடங்கி, ஏழாம் நாளில் காரணம் சொல்லாமல் பதினான்கு என்று நீட்டினால், முதலில் சொன்ன பத்து நாளையும் இனி யாரும் நம்ப மாட்டார்கள். அறிகுறியை மறைப்பார்கள், பரிசோதனைக்கு வர மாட்டார்கள். பழிச்சொல்லுக்குப் பயந்து மறைக்கப்படும் ஒவ்வொரு காய்ச்சலும் தொற்றுத் தடுப்பின் தோல்விதான். வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டச் சொன்னவர்கள் இதை எங்கே கணக்கு வைத்தார்கள்?

சொல் விஷயத்திலும் ஒரு குறை. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே "சமூக" என்பதை விட்டு "உடல் இடைவெளி" என்று மாறிக்கொண்டது. உறவை விடச் சொல்லவில்லை, உடல்கள் நெருங்க வேண்டாம் என்றுதான் சொன்னோம் என்பது காரணம். தமிழில் "சமூக இடைவெளி" நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறொரு கசப்பும் உண்டு என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இறந்தவர்கள் பற்றி. கொரோனாவால் இறந்தவர் உடலிலிருந்து யாருக்கும் தொற்றியதாக அதுவரை ஆதாரம் இல்லை என்றும், குடும்பத்தார் தொடாமல் முத்தமிடாமல் பார்க்கலாம், பார்த்தபின் கை கழுவினால் போதும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மார்ச் வழிகாட்டுதலிலேயே இருந்தது. அந்த அனுமதி இருக்கும்போதே எத்தனையோ இடங்களில் முகம் காட்டாமல் மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். சாகப்போகிறவர் அருகில் ஒருவரை, என்95 கவசமும் அங்கியும் போட்டு, சன்னல் திறந்த அறையில் பதினைந்து நிமிடம் உட்காரவிட்டிருக்க முடியும். பணியாளர்கள் அதே அறையில் அதே கவசத்தோடுதான் நாள் முழுதும் நின்றார்கள். முகம் பார்க்காத சாவு எளிதில் ஆறுவதில்லை. இறந்ததையே நம்பாமல் வருடக்கணக்கில் நிற்கும் துக்கம் ஆலோசனை அறைகளுக்கு இன்றும் வருகிறது. இதைத் தொற்றுத் தடுப்பின் பெயரால் செய்தீர்கள், தொற்றுத் தடுப்பு அதைக் கேட்கவில்லை.

ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர்களைப் பற்றி உங்கள் கையேடுகளில் எதுவும் இல்லாதது எங்களுக்கு வியப்பாகக்கூட இல்லை. இருந்தும் சொல்கிறோம், ஏனென்றால் இது உயிர் பற்றியது. இருதுருவ மனநிலை நோய்க்குத் தரப்படும் லித்தியம் எடுப்பவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து உடல் நீர் வற்றினால், இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது அதன் அடையாளங்கள். ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணி அதை இன்னும் ஏற்றும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பொருந்தும். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின் எடுப்பவருக்கு இரத்த வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால்தான் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை. அந்தக் குறைவின் முதல் அறிகுறி காய்ச்சலும் தொண்டை வலியும். கொரோனாவின் அறிகுறியும் அவையே. "வீட்டிலேயே தனித்திருங்கள்" என்று அவரைத் திருப்பி அனுப்பினால், தேவைப்பட்ட இரத்தப் பரிசோதனை தப்பிவிடும். போதாக்குறைக்குத் தொற்றே குளோசபின் அளவை ஏற்றலாம், திடீரெனப் புகைப்பதை நிறுத்தினாலும் ஏறும்.

2021 தொடக்கத்தில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கொரோனா மரணத்துக்கான ஆபத்துக் காரணிகளில் வயதுக்கு அடுத்த இடத்தில் மனச்சிதைவு நோய் இருந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் 130 நாடுகளிடம் விசாரித்தபோது 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டிருந்தன. 2020இல் மட்டும் உலகெங்கும் கூடுதலாக 5 கோடியே 30 லட்சம் பேருக்குத் தீவிர மனச்சோர்வும், 7 கோடியே 60 லட்சம் பேருக்குப் பதற்ற நோயும் வந்ததாக மதிப்பீடு. தேவை ஏறிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்தினீர்கள்.

பணியாளர்களுக்கும் இதே கணக்குதான். பாதுகாப்பு உடையை அணிவதைவிடக் கழற்றும்போதுதான் மாசு படுகிறது. கழற்றும் வரிசை: கையுறை, அங்கி, கை சுத்தம், கண் காப்புக் கண்ணாடி, அறைக்கு வெளியே வந்தபின் கடைசியாக முகக்கவசம், மறுபடி கை சுத்தம். பன்னிரண்டாவது மணி நேரத்தில் நிற்கும் ஒருவர் இந்த வரிசையில் தவறினால் அது ஒழுக்கக் குறைவு இல்லை, களைப்பு. ஓய்வு அறையும், கழற்றும்போது பார்த்துக்கொள்ளும் ஒரு துணையும் தொற்றுத் தடுப்புச் செலவாகவே எழுதப்பட வேண்டும். கைதட்டலை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு தடுப்பு அறிவுரையிலும் எப்போது, எப்படி, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்ற நான்கும் இருக்க வேண்டும். நான்காவது இல்லாத அறிவுரையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மறுபரிசீலனைத் தேதி போடுங்கள். ஓர் அறிவுரையைத் திரும்பப் பெறும்போது, அதை அறிவித்த அதே ஊடகங்களில், அதே அளவில், காரணத்தோடு அறிவியுங்கள்.

வரைவுக் குழுவில் மனநலப் பணியாளர்களும், ஓசிடியோடும் பதற்ற நோயோடும் வாழ்பவர்களும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். முடிந்த வரைவைப் படிக்கக் கொடுப்பது போதாது. சுவரொட்டியை அச்சிடும் முன் அவர்கள் முன்னால் வைத்து, படித்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

காற்றோட்டத்துக்கான நிதியைப் பரப்புத் துடைப்புக்கு முன்னால் வையுங்கள். மனிதர்கள் மீது எதையும் தெளிக்கத் தடை விதித்து எழுத்தில் கொடுங்கள்.

மனநல மருந்து வழங்கல், நீண்டகால ஊசி மருந்து, லித்தியம் மற்றும் குளோசபின் இரத்தப் பரிசோதனைகளை எந்த முடக்கத்திலும் நிற்காத சேவைகளின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேருங்கள். தீவிர மனநோய் உள்ளவர்களைத் தடுப்பூசி முன்னுரிமையில் சேருங்கள்.

தனிமைப்படுத்தப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே முடியும் தேதியை எழுதிக் கொடுங்கள். நீட்டித்தால் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். நாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அதில் வெப்பநிலைக்குப் பிறகு "தூங்கினீர்களா, பேச யாராவது இருக்கிறார்களா" என்ற இரண்டு கேள்விகள். வாசலில் எதையும் ஒட்டாதீர்கள்.

மரணப் படுக்கையில் இருப்பவரை ஒருவராவது கவசம் அணிந்து நேரில் பார்க்கும் உரிமையையும், இறந்தவர் முகத்தைக் குடும்பத்தார் பார்க்கும் உரிமையையும் விதியாக்குங்கள். மருத்துவமனை நிர்வாகத்தின் கருணைக்கு விட்டுவிடாதீர்கள்.

இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்பதை, அடுத்த தயார்நிலைத் திட்டத்தின் வரைவு ஒப்புதலுக்குப் போகும் முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியிலும் மனநலப் பணியிலும் இருப்போர்